நன்கொடையாளரோடு பேச இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப்பா?

மும்பை தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் நன்கொடையாளர் தொடர்பைக் கவனிப்பது என் வேலை. சம்பளத்துக்கு ஒரே ஒருவர். மற்றதெல்லாம் சனி ஞாயிறு வரும் தன்னார்வலர்கள். கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழர்கள். இரண்டையும் ஒழுங்காக நடத்த ஆள் போதாது என்றானபோது வாட்ஸ்அப்பை எடுத்துக்கொண்டோம். இன்ஸ்டாகிராம் பக்கம் இன்னும் இருக்கிறது, பேருக்கு. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்ஸ்டாகிராமின் பலம் தெரிந்ததுதான்: முன்பின் தெரியாதவரிடமும் போய்ச் சேரும். கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். ஆனால் ரீல்ஸ் வாராவாரம் யாராவது உட்கார்ந்து எடுத்து, வெட்டிப் போட வேண்டிய வேலை. பதிவின் கீழே லிங்க் எழுதினால் தொட்டாலும் திறக்காது. பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுக வரியில், அதாவது பயோவில் பாருங்கள் என்று கெஞ்ச வேண்டும். அப்புறம், ஊரே பார்க்கிற இடத்தில் ஒரு பிள்ளையின் முகத்தைப் போட்டுக் காசு கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கையையும் நோட்டுப் புத்தகத்தையும் மட்டும் காட்டினால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

சரி, இதையெல்லாம் எப்படியாவது சமாளிக்கலாம். எங்களை வாட்ஸ்அப் பக்கம் தள்ளியது ரசீது.

பதிவில் க்யூஆர் போட்டால் பணம் வரும். வங்கிக் கணக்கில் ஒரு யுபிஐ ஐடியும் 500 ரூபாயும் தெரியும். ஆள் எங்கே இருக்கிறார், பான் எண் என்ன, ஒன்றும் தெரியாது. 2021-22 நிதியாண்டுக்கான கணக்கிலிருந்து, 80ஜி பதிவுள்ள (கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்க வழிசெய்யும் பதிவு) அமைப்புகள் மே 31-க்குள் படிவம் 10பிடி என்ற நன்கொடைக் கணக்கை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண், தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைச் செய்தால்தான் அவருக்கு 10பிஇ சான்றிதழ் கொடுக்க முடியும். அது கையில் இருந்தால்தான் அவர் வரிக்கழிவு கேட்கலாம். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் நம் தலையில்.

வாட்ஸ்அப்பில் பணம் போட்டவர் தானாகவே ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். சூடு ஆறுவதற்குள் "பான் எண்ணும் அட்ரஸும் அனுப்புங்க சார், ரசீது போட்டுடறேன்" என்றால் அன்றைக்கே வந்துவிடும். ஏப்ரலில் தேடிப் போனால் அதே மனிதர் "எந்தப் பணம்?" என்பார். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். அதில் 'பான் வரவில்லை', 'ரசீது பாக்கி' என்று லேபிள் போட்டு வைக்கலாம். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது என்பது உண்மை. ஆனால் அவர்களும் ரசீது கேட்கிறார்கள், போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள. அடுத்த வருஷமும் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ரசீது கைக்கு வந்தவர்கள்தான்.

வாட்ஸ்அப்பிலேயே எது என்பது அடுத்த கேள்வி. குரூப் வேண்டவே வேண்டாம். குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் நம் செய்தி தொலைந்துபோகும். ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரிவதால் யாராவது இன்ஷூரன்ஸ் விற்க ஆரம்பித்துவிடுவார். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனலில் (நாம் மட்டும் பதிவு போட, மற்றவர்கள் பின்தொடரும் வசதி), புதிதாகப் பின்தொடர்பவரின் நம்பர் நமக்குத் தெரியாது. ரசீது விஷயத்தில் மறுபடி இன்ஸ்டாகிராம் கதைதான். எங்களுக்கு ஒத்துவந்தது பிராட்காஸ்ட் லிஸ்ட்: ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும் என்பதால், ரசீதின் அடியிலேயே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி போடுகிறோம்.

லிஸ்டுக்கு மாதம் ஒரு செய்தி போதும். வயதானவர்களுக்கும் பெரிய தொகை தருபவர்களுக்கும் தனித்தனியாகத்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது "நல்லுள்ளங்களே, வாரி வழங்குவீர்" என்று எழுதினால் மாட்டுங்கா மாமி படிக்காமலே தள்ளிவிடுவார். "மாமி, நீங்க குடுத்ததுல நோட்டு வாங்கியாச்சு, கடை பில் கீழே இருக்கு. மழை ஆரம்பிச்சாச்சு, சின்னதுகளுக்கு ரெயின்கோட் வேணும்" என்றால் பதில் வரும், கூடவே நாலு கேள்வியும் வரும். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிற பையன் ஒருவன் குறள் சொல்வதை, வீட்டில் கேட்டுக்கொண்டு, வாய்ஸ் நோட்டாக அனுப்புவதும் உண்டு. முகம் தேவைப்படுவதில்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வேறு கணக்கு: எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டம்) பதிவும், ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று கணக்கும் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. யார் என்று முதலில் கேட்டுவிட்டு வங்கி விவரம் கொடுக்க வாட்ஸ்அப்பில் முடிகிறது.

குறையும் உண்டு. புது ஆள் வருவது அபூர்வம்; யாராவது ஃபார்வர்ட் செய்தால்தான். உங்களுக்குக் கொடுப்பவர்கள் இளவயதுக்காரர்களாகவோ ஊர் முழுக்கச் சிதறியவர்களாகவோ இருந்தால் என் முடிவு பொருந்தாமல் போகலாம். இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்து விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் என்று முடிவெடுத்தால் சிம்மை அறக்கட்டளைக்கென்று தனியாக வாங்குங்கள். தன்னார்வலரின் சொந்த நம்பரில் நடத்தினால், அவருக்குப் புனேயில் வேலை கிடைத்ததும் லிஸ்டும் கூடவே போய்விடும்.