மூன்று அடியும் வீணாகும் நாட்கள்: வெஸ்நாத்தோடு பத்து வருடம்

வெஸ்நாத் என்ற கணினி கேமில் ஒரு மாலை நேர டர்ன், அதாவது நான் ஆட வேண்டிய முறை. எதிரே ஓர்க் கிரண்ட் என்ற அரக்கப் படைவீரன், 38 ஹெச்பியில் (உயிர்ப்புள்ளி) மிச்சம் வெறும் 6. என்னுடைய மேஜுக்கு (மந்திரவாதிப் பெண்) அடிக்கு 7 சேதம், மொத்தம் மூன்று அடி, ஒவ்வொன்றும் படுவதற்கு 70 சதவீத வாய்ப்பு. ஒன்று பட்டால் போதும், ஆள் காலி. மூன்றும் படவில்லை. அடுத்த டர்ன் இரவு, இரவில் ஓர்க்குகளின் அடி தரும் சேதம் 25 சதவீதம் கூடும், செத்திருக்க வேண்டியவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நான்கு சினாரியோவாக, அதாவது நான்கு போர்க்களமாக, நான் பொத்திப் பொத்தி வளர்த்த மேஜைக் கொன்றுவிட்டுப் போனான். லேப்டாப்பை மூடியவன் மூன்று வாரம் அந்த கேமைத் திறக்கவேயில்லை.

பேட்டில் ஃபார் வெஸ்நாத் ஆட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 2003-இல் டேவிட் ஒயிட் தொடங்கிய இலவச, திறமூல கேம் இது. அறுகோணக் கட்டங்கள், மாறி மாறி டர்ன். என்னுடைய பழைய லேப்டாப்பில் வேறு எதுவும் ஓடாது என்பதுதான் இதை நிறுவியதற்கு உண்மையான காரணம். கிராஃபிக்ஸ், கதை பற்றியெல்லாம் நிறையப் பேர் பேசியாயிற்று. நான் சொல்ல வந்தது அதிர்ஷ்டம் பற்றி, ஏனென்றால் இந்த கேமைப் பாதியில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோரும் அதைச் சொல்லித்தான் விட்டார்கள்.

முதல் ஒரு வருடம் நான் ஆடியதை ஆட்டம் என்றே சொல்லக்கூடாது. ஒவ்வொரு டர்னையும் கேமே தானாக சேவ் செய்துவிடும், அதனால் ஒரு அடி தவறினால் பழைய சேவுக்குத் திரும்பும் லோட், எதிரி அடி இரண்டும் பட்டால் லோட், ஒரே டர்னை ஏழெட்டு தடவை ஆடி எல்லாம் எனக்குச் சாதகமாக விழுந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவேன். கேம்பெயின், அதாவது சினாரியோக்கள் கோத்த முழுக் கதை, முடியும், முடித்த சந்தோஷம் மட்டும் வராது.

அப்புறம் ஒருநாள் மெனுவில் புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்த்தேன். நாம் கொடுத்த சேதம், வாங்கிய சேதம், இரண்டும் கணக்குப்படி எவ்வளவு இருந்திருக்க வேண்டும், அதைவிட எத்தனை சதவீதம் கூட அல்லது குறைவு, எல்லாம் அதில் இருக்கும். கேம் என்னை ஏமாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் தேடித்தான் திறந்தேன். அன்றைய சினாரியோவில் நான் கொடுத்த சேதம் கணக்கைவிட 4 சதவீதம் குறைவு. பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டே கீழே வந்தால், நான் வாங்கிய சேதம் 9 சதவீதம் குறைவு. அதாவது எதிரிகள் என்னைவிட அதிகமாகத் தவறவிட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

மேஜ் கணக்கைப் போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். மேஜின் மந்திர அடி எதிரி எந்த நிலத்தில் நின்றாலும் 70 சதவீதம்தான். மூன்றுமே தவற 0.3 மூன்று தடவை பெருக்கல், 2.7 சதவீதம், கிட்டத்தட்ட 37 தாக்குதலுக்கு ஒன்று. மூன்று மேஜ் வைத்துக்கொண்டு இருபது டர்ன் ஆடினால் 60 தாக்குதல். சினாரியோவுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு தடவை நடக்கும் விஷயத்துக்கா மூன்று வாரம் கோபித்துக்கொண்டிருந்தேன்!

மேஜ் செத்த அன்று என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி, கேமே ஆடாதவன், கேட்டான்: “ண்ணே, பக்கத்துல யாருமே இல்லாத இடத்துக்கு அவள எதுக்கு அனுப்புன?” அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் சரியான கேள்வி அதுதான். அடி தவறியது என் கையில் இல்லை. தவறினால் அவள் எங்கே நிற்பாள் என்பது என் கையில்தான் இருந்தது, அதை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது ஆடும் விதமே வேறு. மேஜை முன்னே விட்டால் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திவிட்டுத்தான் விடுவேன். முக்கியமான எதிரியைக் கொல்ல வேண்டுமென்றால் முதல் அடி தவறினாலும் அடிக்க இன்னொருவன் மிச்சம் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். யாரை அனுப்புவது என்பதிலும் கவனம் வந்தது. கோட்டைக்குள் நிற்கும் எதிரிக்கு 5 ஹெச்பி மிச்சம், நம் அடி பட 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குள்ளர்களின் தண்டரர் 18 சேதத்தோடு ஒரே ஒரு குண்டு சுடுவான், அவன் கொல்ல வாய்ப்பு அதே 40. எல்ஃப் ஃபைட்டர் அடிக்கு 5 சேதம்தான், ஆனால் நான்கு அடி. ஒன்றாவது பட 87 சதவீதம். பார்த்தால் பெரிய துப்பாக்கிதான் கண்ணைக் கவரும், வேலை முடிப்பவன் வாள்காரன். இதைவிட எளிய வழி, எதிரி ஆழமில்லாத தண்ணீரில் கால் வைக்கும்வரை கரையில் காத்திருப்பது. ஓர்க்குக்கு அங்கே தற்காப்பு 20 சதவீதம், நம் அடி 80. பொறுமை இல்லாததால் நான் இழந்த யூனிட்டுகள்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

மற்ற கேம்களையும் சொல்ல வேண்டும். ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் பாகத்திலிருந்து பல பாகங்களில் அடி படுமா என்று தீர்மானிக்கத் தற்செயலாக இரண்டு எண்ணை எடுத்துச் சராசரி போடுவார்கள். திரையில் 90 என்றால் உண்மையில் சுமார் 98, திரையில் 10 என்றால் சுமார் 2. 2016-இல் வந்த எக்ஸ்காம் 2, மிகக் கடினமான நிலையைத் தவிர்த்து, நாம் தொடர்ந்து தவறவிட்டால் திரையில் காட்டாமலே வாய்ப்பைக் கூட்டிவிடும். அப்படியும் 95 சதவீதம் தவறிவிட்டது என்று உலகமே புலம்பியது! இதில் பழகிவிட்டு வெஸ்நாத்துக்கு வருகிறவருக்கு 70 என்றால் உண்மையாகவே 70 என்பது பொய்யாகத்தான் தெரியும். தடவிக்கொடுக்கும் எண்ணைவிட முகத்தில் அடிக்கும் எண்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இது ருசி விஷயம். பகடையே வேண்டாம் என்பவர்களுக்கு 2018-இல் வந்த இன்டு தி பிரீச் இருக்கிறது, எதிரி எங்கே அடிப்பான் என்று முன்கூட்டியே காட்டிவிடுவான், நம் அடியும் தவறாது. அருமையான கேம், எனக்கு மட்டும் பரீட்சை எழுதுவது போல இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சில கேம்பெயின்களில் சினாரியோக்கள் இழுவையோ இழுவை, இரண்டு மணி நேரம் ஆடிய பிறகு கடைசி டர்னில் தலைவன் இரண்டு அடியில் செத்தால், எத்தனை தத்துவம் பேசினாலும் வயிறு எரியத்தான் செய்யும்.

லோட் போடுவதை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நகர்த்தியதைத் திரும்பப் பெறும் வசதி உண்டு, ஆனால் வரைபடத்தில் நம் ஆட்கள் பார்க்காத இடத்தை மறைக்கும் பனிமூட்டம் விலகிப் புது இடம் தெரிந்துவிட்டால் அது வேலை செய்யாது. அதனால் கை தவறிப் பக்கத்துக் கட்டத்தில் கிளிக் செய்துவிட்டால் இன்றைக்கும் லோட்தான். அதில் எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை.