பழுதுபார்த்த அனலைசரை 340 நனோமீற்றர் ஒளியில் சோதிக்காமல் நம்பாதீர்கள்

வெள்ளவத்தையில் சிறிய மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றை நடத்துகிறேன். எனக்கு நேர்ந்தது இன்னோர் ஆய்வுகூடத்துக்கு நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது புதிய கருவி வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, பாவித்த செமி ஓட்டோ அனலைசர் ஒன்றை, அதாவது மாதிரிக்குள் ஒளியைச் செலுத்தி இரத்தப் பரிசோதனை செய்யும் கருவியை, வாங்கினேன். கடந்த மாதம் அதன் 6 வோல்ட், 10 வாட் ஹாலஜன் விளக்கு எரிந்துபோனது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய திருத்துநர் கருவியை எடுத்துச் சென்று மூன்றாம் நாள் கொண்டுவந்தார். "ஒரிஜினல் விளக்கு, அக்கா" என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கினார்.

அன்று குளுக்கோஸ் கொன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) சரியாக வந்தது, கிரியேட்டினினும் சரி. அத்துடன் நம்பிவிட்டேன். ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியான எஸ்ஜிபிடிக்குக் கொன்ட்ரோலைப் போட்டுப் பார்க்காதது என் பிழை, அதை மறைக்க மாட்டேன்.

நான்காம் நாள் டெங்குக் காய்ச்சலில் கிடந்த ஒரு பையனின் எஸ்ஜிபிடி 34 என்று வந்தது. பிளேட்லெட் அவ்வளவு விழுந்திருக்கும் பிள்ளைக்கு ஈரல் இப்படி அமைதியாக இருக்குமா என்று மனம் ஒப்பவில்லை. அதே சீரத்தை வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். 210 என்று பதில் வந்தது. கை நடுங்கிவிட்டது.

மூடியைக் கழற்றினால், ஹாலஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை எல்ஈடி, பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. வெள்ளை எல்ஈடி என்பது 450 நனோமீற்றர் அளவில் நீல ஒளி தரும் சில்லும் அதன்மேல் பூசிய, மஞ்சளாக ஒளிரும் பொசுபரும்தான். 505 நனோமீற்றரில் பார்க்கும் குளுக்கோசுக்கு அந்த ஒளி போதும். ஆனால் எஸ்ஜிபிடியில் நாம் அளப்பது, 340 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும் என்ஏடிஎச் என்ற பொருள் குறையும் வேகத்தை. அந்த இடத்தில் எல்ஈடியிடம் ஒளியே இல்லை. வடிகட்டியில் கசிந்துவரும் வேறு ஒளியைத்தான் கருவி அளந்துகொண்டிருந்தது. அதனால் மாற்றம் தெரியவில்லை, நோயுள்ளவருக்கும் நல்ல எண்ணே வந்தது. கூடிக் காட்டியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். குறைத்துக் காட்டும் கருவியை யாரும் சந்தேகிப்பதில்லை.

மலிவான மாற்றுப் பாகங்களுக்கு நான் எதிரியல்ல. அதே கருவிக்கு அவர் கணினி விசிறி ஒன்றையும் பொருத்தியிருந்தார், 12 வோல்ட், நன்றாகவே ஓடுகிறது. பம்பில் மீன்தொட்டிக் குழாயை மாட்டியிருந்தார். அதைச் சொல்லியிருந்தால் உறிஞ்சும் அளவைச் சரிபார்த்து நானே ஏற்றிருப்பேன். எல்ஈடியை வைத்துவிட்டு ஒரிஜினல் என்று காசு வாங்கியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கேட்டபோது "வெளிச்சம் வருகிறதுதானே, அக்கா" என்றார். பணம் திரும்பி வரவில்லை.

அந்த நான்கு நாட்களில் பதினொரு பேருக்கு எஸ்ஜிபிடி, அதேபோல 340இல் அளக்கும் எஸ்ஜிஓடி அறிக்கை கொடுத்திருந்தேன். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, இலவசமாக மீண்டும் இரத்தம் எடுத்து, வெளியே பரிசோதிக்கக் கொடுத்தேன். பையனின் வைத்தியருக்குச் சரியான எண்ணை அன்றே சொல்லிவிட்டேன்.

கருவியைத் திருத்தக் கொடுத்தால் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன், அவர் முன்னாலேயே மூடியைத் திறந்து பாருங்கள். பிறகு பொட்டாசியம் டைகுரோமேற்றை லீற்றருக்கு 60 மில்லிகிராம் அளவில் கரைத்து, 340இல் அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று வாசியுங்கள். அதைப் பாதியாக ஐதாக்கினால் வாசிப்பும் ஏறத்தாழப் பாதியாக வேண்டும். எல்ஈடி இருந்தபோது என் கருவியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வந்தது. அண்மையில் யாரிடமாவது விளக்கு மாற்றியிருந்தால், நாளை முதல் நோயாளியின் மாதிரியை வைப்பதற்கு முன்னரே இதைச் செய்துவிடுங்கள்.