ஐசி இல்லாமல் கொழும்புக்கு: பிளேனா, ரயிலா, பஸ்ஸா?

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய குடும்பங்களில் பெற்றோருக்கு ஐசி (தேசிய அடையாள அட்டை) இருக்கும். அங்கே பிறந்த பிள்ளைக்குத்தான் இழுபறி. குடியுரிமைச் சான்றிதழ் இல்லாமல் ஐசியும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. அந்த அலுவலாக, கொழும்புக்குப் பக்கத்தில் குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்கு அலைகிறபோது, கார்ட் இல்லாமல் எதில் போவது என்ற கேள்வி வருகிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கு உள்ளூர் விமானம் கிடைத்தால் பறப்பு ஒரு மணித்தியாலம் சொச்சம்தான். ஆனால் மூன்றிலும் கண்டிப்பு இங்கேதான். படமுள்ள, காலாவதியாகாத அரச அடையாளம் வேண்டும். வழக்கமாக நீட்டப்படும் மூன்று பேப்பர்களும் இங்கே சிக்கலைத் தரும். இந்தியப் பிறப்புச் சான்றிதழில் படம் இல்லை. ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் வதிவிடத்தைத்தான் சொல்லும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் தந்த தற்காலிகப் பயணப் பத்திரத்தில் படம் இருந்தாலும், அது நாடு திரும்பும் ஒரே பயணத்துக்கானது. கவுண்டரில் மறித்தால் ரிக்கெற் காசோடு, பலாலிவரை போய்வந்த ஓட்டோக் காசும் போச்சு. காசு கட்டுமுன் எந்தப் பேப்பரை ஏற்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டு இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

ரயிலில் இரண்டு வழி. ஒன்லைனில் ஆசனம் பதிந்தால் ஐசி அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கேட்கும். மாமாவின் இலக்கத்தைப் போட்டுப் பிள்ளையை ஏற்றிவிடும் பழக்கம் வேண்டாம். பரிசோதகர் ரிக்கெற்றையும் கார்டையும் ஒத்துப்பார்த்தால் மாட்டிக்கொள்வது பிள்ளைதான். பதிவில்லாத மூன்றாம் வகுப்புக்குப் பெயரே கேட்பதில்லை. இருக்க இடம் வேண்டுமென்றால் ரயில் புறப்படும் காங்கேசன்துறையிலேயே ஏறுங்கள்.

கார்ட் இல்லாதவருக்கு எங்கள் தெரிவு இரவு பஸ். சொகுசு பஸ்ஸுக்குப் பெயரும் போன் இலக்கமும் போதும். விடியப் புறக்கோட்டையில் இறங்கி, 170ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பத்தரமுல்லை. வழியில் பொலிஸ் மறித்து அடையாளம் கேட்கலாம், ஆகவே பேப்பர்கள் கைப்பையில் இருக்கட்டும், மேல் தட்டில் வேண்டாம். கொழும்பில் தங்க நினைத்தால் லொட்ஜில் ஐசி கேட்பார்கள். பெற்றோரில் ஒருவர் கூடப் போவது நல்லது. இல்லையேல் அன்றிரவே திரும்பும் பஸ்ஸையும் பதிந்துவிடுங்கள்.

இனி, குடியுரிமைச் சான்றிதழுக்குக் கொண்டுபோக வேண்டிய பேப்பர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். பிந்தினால் அமைச்சர் கால நீடிப்புக் கொடுக்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ் தேவை. முகாம் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதில்தான் தலையிடி.

அடுத்தது பெயர். இந்தியச் சான்றிதழில் தகப்பன் ‘கே. சிவகுமார்’ என்றிருக்கும், இங்கேயுள்ள சான்றிதழில் ‘கந்தையா சிவகுமார்’. ஆங்கில எழுத்தில் ஒன்றில் ‘வி’, மற்றதில் ‘டபிள்யூ’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் சத்தியக்கடதாசியை யாழ்ப்பாணத்திலேயே சமாதான நீதவானிடம் முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு இரவுப் பயணம். மூலப்பிரதிகளை லமினேற் பண்ண வேண்டாம். பின்பக்க முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாவிட்டால் புதுப்பிரதி எடுத்துவரச் சொல்லக்கூடும்.