முதலில் எந்த கார்டு? சேஸ், கேப்பிட்டல் ஒன், அமெக்ஸ் வரவேற்பு போனஸ்கள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் பயண கிரெடிட் கார்டு எடுக்க நினைப்பவர்களில் பலர் விளம்பரத்தில் உள்ள போனஸ் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். முதல் சில மாதங்களில் குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால் வங்கி தரும் புள்ளிகள்தான் இந்த வரவேற்பு போனஸ். ஒன்று 60,000 என்கிறது, மற்றொன்று 75,000, இன்னொன்று ஒரு லட்சம் வரை என்கிறது. பெரிய எண்ணுக்கு விண்ணப்பம் போய்விடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். புதிதாகத் தொடங்குபவர்கள் முன் அடிக்கடி வந்து நிற்பவை சேஸ் சஃபையர் ப்ரிஃபர்ட், கேப்பிட்டல் ஒன் வென்ச்சர், அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கோல்ட் ஆகிய மூன்றும். மூன்றுமே நல்ல கார்டுகள். ஆனால் எடுக்கும் வரிசை தவறினால், அவற்றில் ஒன்று நீண்ட காலத்துக்குக் கைக்கு எட்டாமல் போய்விடும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு முதல் கார்டு சேஸ்.

ஆண்டுக் கட்டணத்தில் சேஸும் வென்ச்சரும் சமம், 95 டாலர். அமெக்ஸ் கோல்டின் கட்டணம் 2024இல் 250இலிருந்து 325 டாலராக உயர்ந்தது. சஃபையர் ப்ரிஃபர்டின் போனஸ் கடந்த சில ஆண்டுகளில் பெரும்பாலும் 60,000க்கும் 75,000க்கும் இடையே இருந்துவந்திருக்கிறது. 2021இலும் 2025இலும் சில காலம் ஒரு லட்சத்தைத் தொட்டது. அதற்கு மூன்று மாதங்களில் 4,000 அல்லது 5,000 டாலர் செலவு செய்ய வேண்டும். வென்ச்சர் வெகுகாலமாக 4,000 டாலர் செலவுக்கு 75,000 மைல் கொடுத்துவருகிறது. கோல்ட் ஆறு மாத அவகாசம் தருகிறது, ஆனால் இலக்கு 6,000 டாலர். அதன் போனஸ் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே நாளில் கணவருக்கு ஒரு தொகையும் மனைவிக்கு வேறு தொகையும் திரையில் தெரியலாம்.

புள்ளிகளை எண்ணுவதற்கு முன், அவற்றைப் பணமாக்கினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சேஸில் ஒரு புள்ளி ஒரு சென்ட். 75,000 புள்ளிகள் எந்த நிபந்தனையும் இல்லாமல் 750 டாலர். வென்ச்சரில் பயணச் செலவைக் கழித்துக்கொண்டால் அதே ஒரு சென்ட், ரொக்கமாகக் கேட்டால் அதில் பாதிதான். அமெக்ஸில் பில்லில் கழித்துக்கொண்டால் ஒரு புள்ளிக்கு 0.6 சென்ட், 60,000 புள்ளிகள் 360 டாலராகச் சுருங்கிவிடும். திட்டமிட்டபடி பயணம் அமையாமல் போவது குடும்பஸ்தர்களுக்கு வழக்கமான ஒன்று. அந்த நிலையில் கையில் என்ன மிஞ்சும் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே சேஸ் தெளிவாக முந்துகிறது.

விமான நிறுவனங்களின் மைல்களாக மாற்றும்போது இடைவெளி குறைகிறது. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், தோஹா, துபாய் போன்ற இடங்களில் மாறித்தான் போக வேண்டும். மூன்று வங்கிகளின் புள்ளிகளும் ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானுக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைல்களான ஏவியோஸுக்கும் ஒன்றுக்கு ஒன்றாக மாறுகின்றன. லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிக்கெட்டை ஏவியோஸில் எடுத்தால் கூடுதல் கட்டணமே பல நூறு டாலர் ஆகலாம். ஏரோபிளான் 2020இல் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைக் கைவிட்டது. எனவே ஏரோபிளான் மைல்களில் லுஃப்தான்சாவின் ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை விமானத்தில் இருக்கை கிடைத்தால், வரிகளும் 39 கனடிய டாலர் முன்பதிவுக் கட்டணமும்தான். ஜூன், டிசம்பர் மாதங்களில் அந்த இருக்கை அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹயாத் ஹோட்டல்களுக்கு ஒன்றுக்கு ஒன்றாகப் புள்ளிகளை அனுப்பும் வசதி இந்த மூன்றில் சேஸுக்கு மட்டுமே உண்டு. தேனாம்பேட்டையிலும் கிண்டியிலும் ஹயாத் ஹோட்டல்கள் இருப்பதால், ஊருக்குப் போகிறவர்களுக்கும் அது பயன்படும். மறுபக்கம், 2025 அக்டோபரில் சேஸ் புள்ளிகளை எமிரேட்ஸுக்கு மாற்றும் வழி மூடப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அமெக்ஸும் எமிரேட்ஸ் விகிதத்தை ஐந்துக்கு நான்காகக் குறைத்தது. ஆகவே இருக்கையைக் கண்டுபிடிக்கும் முன் புள்ளிகளை எங்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய புள்ளிகள் வங்கிக்குத் திரும்பி வருவதில்லை.

இதுவரை பார்த்ததில் சேஸின் வெற்றி சிறியதுதான். வரிசையை உண்மையில் தீர்மானிப்பவை வங்கிகளின் விதிகள். கடந்த 24 மாதங்களில் எல்லா வங்கிகளிலும் சேர்த்து ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கார்டுகளைத் திறந்திருந்தால், சேஸ் பொதுவாக மறுத்துவிடும். இதை 5/24 என்பார்கள். வங்கி இதை விளம்பரத்தில் சொல்வதில்லை. அமெக்ஸ், கேப்பிட்டல் ஒன் தனிநபர் கார்டுகளும், கடைகளில் தள்ளுபடிக்காக எடுத்து எங்கும் பயன்படுத்தக்கூடிய கார்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். அமெக்ஸுக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. அங்கே ஒரு கார்டுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் போனஸ். அதோடு, அமெக்ஸின் மேல்நிலை கார்டான பிளாட்டினத்தை வைத்திருப்பவருக்கு அல்லது முன்பு வைத்திருந்தவருக்கு கோல்ட் போனஸ் கிடைக்காது என்ற நிபந்தனையும் 2023இல் வந்தது. எனவே அமெக்ஸில் கோல்டை முடித்துவிட்டுத்தான் பிளாட்டினத்துக்குப் போக வேண்டும். போனஸ் குறைவாகத் தெரியும் நாளில் விண்ணப்பிக்கவும் கூடாது. கேப்பிட்டல் ஒன், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். ஆனால் அவர்களின் முன்தகுதிச் சோதனை உங்கள் கிரெடிட் ஸ்கோரைத் தொடாது. அதில் பச்சைக்கொடி வந்த பிறகு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

தம்பதியருக்கு ஓர் எச்சரிக்கை. கணவர் கார்டு எடுத்து மனைவியைக் கூடுதல் பயனாளராகச் சேர்த்தால், அந்த கார்டு மனைவியின் 5/24 கணக்கிலும் ஏறும். அதைவிட ஒருவர் எடுத்து, தன் பரிந்துரை இணைப்பு வழியாக மற்றவரைத் தனியாக விண்ணப்பிக்கச் செய்வது பல மடங்கு மேல். இருவருக்கும் தனித்தனி வரவேற்பு போனஸ், பரிந்துரைத்தவருக்கு மேலும் கொஞ்சம் புள்ளிகள். மூன்று வங்கிகளிலும் பரிந்துரைத் திட்டம் இருக்கிறது.

செலவு இலக்குக்காகத் தேவையற்ற பொருள்களை வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. எப்படியும் வரப்போகும் பெரிய செலவுக்கு முன்னால் கார்டை எடுங்கள். கோடை விடுமுறைக்கு நான்கு பேருக்கு ஊருக்கு டிக்கெட் வாங்கினாலே இலக்கு முடிந்துவிடும். கார் இன்ஷூரன்ஸை ஆறு மாதத்துக்கு ஒரே தவணையில் கட்டலாம். வருமான வரியையும் கார்டில் கட்ட அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டணம் 2 சதவீதத்துக்குள்தான். ஆண்டுக் கட்டணமும் கார்டைக் கொண்டு எடுக்கும் ரொக்கமும் இலக்கில் சேராது, திருப்பிக் கொடுத்த பொருளின் தொகை கழிக்கப்படும். கார்டு தபாலில் வந்த நாளிலிருந்து காலக்கெடுவை எண்ணாதீர்கள். கணக்கு திறக்கப்பட்ட நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும்.

மாதாமாதம் முழு பாக்கியையும் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 5,000 டாலரை 22 சதவீத வட்டியில் சுமந்தால் மாதத்துக்கு 90 டாலருக்கு மேல் வட்டி. 750 டாலர் போனஸ் ஒன்பதாவது மாதத்துக்குள் கரைந்துவிடும்.

சேஸ் முதலில் என்ற விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அண்மையில் விசாவில் வந்திறங்கியவருக்கு அமெரிக்கக் கடன் வரலாறே இருக்காது. சேஸ் மறுக்க வாய்ப்பு அதிகம். 2019இல் அமெக்ஸ் நோவா கிரெடிட் நிறுவனத்தோடு கைகோத்து, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் கடன் வரலாற்றை ஏற்கத் தொடங்கியது. இந்தியாவில் நல்ல கடன் வரலாறு இருப்பவர்களுக்கு இது பெரிய வாசல். அவர்கள் அமெக்ஸில் தொடங்கி, ஓராண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு சேஸுக்குப் போகலாம். 5/24 கணக்கில் எண்ணிக்கை ஐந்தைத் தொடாமல் இருந்தால் போதும்.

இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வரும்போதும் மூன்றும் வேறுபடுகின்றன. சஃபையரைக் கட்டணமில்லாத ஃப்ரீடம் கார்டாக மாற்றிக்கொள்ளலாம். புள்ளிகள் தங்கும், ஆனால் விமான நிறுவனங்களுக்கு அனுப்ப மறுபடியும் சஃபையர் போன்ற ஒரு கார்டு வேண்டும். வென்ச்சரைக் கட்டணமில்லாத வென்ச்சர்ஒன்னாக மாற்றினால் அனுப்பும் வசதியும் தொடரும். கோல்டுக்குக் கீழே இருக்கும் கிரீன் கார்டுக்குக்கூட 150 டாலர் கட்டணம் உண்டு. புள்ளிகள் சேரும் வேறு அமெக்ஸ் கார்டு கையில் இல்லாமல் கோல்டை மூடினால், மீதமிருக்கும் புள்ளிகள் அனைத்தும் போய்விடும்; மூடுவதற்கு முன் அவற்றை ஏரோபிளானுக்கோ ஏவியோஸுக்கோ மாற்றிவிடுங்கள். இருக்கை தேடாமலே புள்ளிகளை அனுப்பலாம் என்று நான் சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டுமே.