‘இறக்கம்தானே, ஈஸி ப்ரோ’: வட்டக்கானல்–கும்பக்கரை ட்ரெக்கிங் பேக்கேஜ் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ், வெள்ளகவி வழியாகக் கும்பக்கரையில் இறங்கும் ஒருநாள் நடை என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பேக்கேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு 3,500 ரூபாய். வனத்துறை அனுமதி, அனுபவமுள்ள வழிகாட்டி, மதியச் சாப்பாடு, கும்பக்கரையிலிருந்து மதுரைக்கு வேன் எல்லாம் அதிலேயே அடக்கம் என்று போட்டிருப்பார்கள். மச்சானும் நானும் அலுவலக நண்பர்கள் சிலருமாகப் பணம் கட்டிப் போய்வந்தோம். சொன்ன நாலில் ஒன்றுகூட உருப்படியாகக் கிடைக்கவில்லை.

வழியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வத்தலக்குண்டுப் பக்கம் மலைச்சாலை போடும் முன்பு, பெரியகுளம் பக்கத்திலிருந்து ஜனங்கள் கால்நடையாகத்தான் கொடைக்கானல் ஏறினார்கள். வண்டிச் சாலை இல்லாமலே பல தலைமுறை வாழ்ந்த ஊர் வெள்ளகவி. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, அது அவர்கள் வழக்கம். போகிற யாரும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அழகான வழி, ஆனால் கடினமான வழி. அந்தக் கடினத்தைத்தான் மறைத்து விற்கிறார்கள்.

முன்பதிவுக்கு முன் வாட்ஸ்அப்பில் கேட்டேன். மச்சானுக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு, தாங்குமா என்று. ‘ஃபுல்லா இறக்கம்தானே, ஈஸி ப்ரோ, அறுபது வயசுக்காரங்களையே கூட்டிட்டுப் போயிருக்கோம்’ என்று பதில் வந்தது. இந்த ஒரு பதிலே போதும், மலையைத் தெரியாத ஆள் அல்லது தெரிந்தே பொய் சொல்கிற ஆள் என்று சொல்லிவிடலாம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். கும்பக்கரை மலையடிவாரம். ஆகக்கூடி ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தை ஒரே பகலில் கால்களால் இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் மொத்த உடம்பையும் தொடைதான் தாங்கிப் பிடிக்கிறது. அது ஒருமுறை நடுங்க ஆரம்பித்துவிட்டால் எவ்வளவு உட்கார்ந்தாலும் அடங்காது. உருளும் கல்லும் காய்ந்த சருகும் கிடக்கிற பாதையில் நடுங்கும் கால் என்றால் அடுத்தது விழுவதுதான்.

விளம்பரத்தில் இருந்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அதில் போட்டிருந்த பிரமாண்டமான அருவி தலையாறு. 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். வத்தலக்குண்டிலிருந்து வரும் மலைச்சாலையில் டம்டம் பாறையில் நின்றால் தூரத்தில் தெரியும். இந்தப் பாதையில் அது கிடையவே கிடையாது. டால்பின் நோஸ் பாறைக்குக் கீழே ‘6,600 அடி பள்ளம்’ என்றும் எழுதியிருந்தார்கள். கொடைக்கானலே கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடிக்குள்தான். அடிவாரம் ஒன்றும் கடல் மட்டத்தில் இல்லை. அந்தப் பாறை இருக்கும் உயரத்தை யாரோ பள்ளத்தின் ஆழம் என்று எழுதியிருக்க வேண்டும், எல்லோரும் அதையே காப்பியடிக்கிறார்கள். பள்ளம் அந்தக் கணக்கு இல்லாமலே ஆளைக் கொல்லும். நாங்கள் போனபோது பாறை முனையில் கம்பி இல்லை, பனி இறங்கினால் கல் வழுக்கும், செல்ஃபி எடுக்க வருகிற கூட்டத்தில் ஒருவர் தோள் பட்டால் போதும்.

அன்றைய நாள் எப்படிப் போனது? காலை ஆறரைக்குத் தொடக்கம் என்றார்கள். வழிகாட்டி வந்தபோது பத்தே முக்கால். நல்ல பையன், இருபது வயதிருக்கும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தின நாள் இரவுதான் அவனுக்கு போன் வந்ததாம், நாள் கூலி. கயிறு இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை. மதியச் சாப்பாடு என்றது, டால்பின் நோஸ் போகும் வழியில் வரிசையாக இருக்கிற கடைகளில் ஒன்றில் ஆளுக்கொரு பிரெட் ஆம்லெட். அதற்கும் காசு நாங்களே கொடுத்தோம், ‘ஆபீஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க’ என்றான்.

வெள்ளகவி போய்ச் சேரவே இரண்டரை மணியைத் தாண்டிவிட்டது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி போட்டுக் கொடுத்த பாட்டி, நாங்கள் கீழே இறங்கப்போகிறோம் என்றதும் பையனைத்தான் பார்த்தார். ‘ஏப்பா, இந்நேரத்துக்கு மேல இவுகள எங்கிட்டுக் கூட்டிட்டுப் போற? காட்டுமாடு இறங்குற நேரம்ல இது.’ பையன் தலையைச் சொறிந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: ‘சார், எனக்கு இது வரைக்கும்தான் பாதை தெரியும். கீழ ஒத்தையடிப் பாதைதான், அப்படியே போனா கும்பக்கரை வந்துரும்னு சொன்னாங்க.’ விளம்பரம் போட்ட ஆளுக்கு போன் அடித்தோம். சிக்னல் வந்து வந்து போனது. ஒரே ஒருமுறை எடுத்து, ‘பையன்கிட்ட லொகேஷன் அனுப்பியிருக்கேன் ப்ரோ’ என்று வைத்துவிட்டார்.

திரும்பி ஏறவும் நேரமில்லை. அந்தப் பாட்டி வீட்டுக்காரர்தான் தெரிந்த ஒருவரை எழுப்பிவிட்டார். கையில் அரிவாள், காலில் ஒன்றுமில்லை, எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினார். அவர் வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். பாதி வழியில் மச்சானின் முழங்கால் மடங்கவே மறுத்தது. ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் புல், நடுவில் ஒரு அடி அகலப் பாதை. அதில் அவரை உட்காரவைத்து நகர்த்தினோம். அடிவாரத்துக்கு வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கும்பக்கரை அருவியை மாலையிலேயே மூடிவிடுவார்கள். மேலேயிருந்து டார்ச் அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கினால் வனத்துறைக் காவலர்கள் சும்மா விடுவார்களா? அனுமதிக் கடிதத்தைக் கேட்டார்கள். பையன் போனில் இருந்த ஒரு பிடிஎஃபைக் காட்டினான். அதில் தேதியே வேறு, ஆட்களின் பெயரும் இல்லை. அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தோம். வேன் இல்லை. ஆட்டோ பிடித்துப் பெரியகுளம், அங்கிருந்து பஸ்.

காவலர் ஒருவர் சொன்ன விஷயம் மறக்க முடியாதது. ‘மழை நாளா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?’ வட்டக்கானல் பக்கத்தில், லிரில் சோப் விளம்பரம் எடுத்ததால் லிரில் அருவி என்றே பெயர் ஒட்டிக்கொண்டதே, அந்த அருவி இருக்கும் பாம்பாறுதான் கும்பக்கரையில் விழுவது. மேலே மலையில் கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதனால்தான் அடிக்கடி குளிக்கத் தடை போடுகிறார்கள். எங்கள் பேக்கேஜில் ‘ரகசிய அருவிக் குளியல்’ என்று ஒரு வரி இருந்தது. நேரம் இல்லாததால் தப்பித்தோம்.

2018 மார்ச் 11 அன்று, கும்பக்கரை இருக்கும் இதே தேனி மாவட்டத்தில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கியது. வட்டக்கானல்–வெள்ளகவி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அனுப்புகிறார்கள். எனவே தனியார் யாராவது ‘பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்குறோம்’ என்றால், முதலில் உங்கள் அடையாள அட்டை விவரத்தைக் கேட்கிறாரா என்று பாருங்கள். உங்கள் முழுப் பெயரைக்கூடக் கேட்காதவர் உங்களுக்கு என்ன அனுமதி வாங்கியிருப்பார்? கடிதத்தில் தேதி, வழி, ஆட்கள் மூன்றும் இருக்க வேண்டும், அதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். ஜிபே செய்யும்போது வருகிற பெயரும் பக்கத்தின் பெயரும் வேறாக இருந்தால், ரசீது கேளுங்கள். எங்களுக்குத் தனி ஆள் பெயர்தான் வந்தது. ரசீது கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் படம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ‘ட்ரெக்னா அட்வென்ச்சர் இருக்கத்தான் செய்யும் ப்ரோ’ என்றார். அபராத ரசீதை அனுப்பினேன், பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். போலி அனுமதிக் கடிதத்தின் நகலை வனத்துறைக்கும் கொடுத்திருக்கிறோம். பணம் கட்டி ஏமாந்தது தெரிந்தவுடன் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதிக்கத் தாமதிக்க பணம் கைமாறிவிடும்.

இப்போது அதே பேக்கேஜ் வேறு பெயரில், மார்ச் மாதத் தேதிகளோடு வந்திருக்கிறது, விலை 2,999. 2025இல் காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசின் பாதைகளையே மூடியிருந்தார்கள். அந்த மாதத்தில் இவருக்கு மட்டும் யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கமெண்டில் கேட்டேன், அதையும் அழித்துவிட்டார். ஏற்கெனவே கட்டியவர்கள் யாராவது இருந்தால் பேச்சு, ஸ்கிரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காமல் தனித்தனியாகப் புகார் போடுங்கள்.