போனஸா, போஸ்டிங்கா? கேப்டன்களைத் தக்கவைக்க அமெரிக்கா முயன்ற வழிகள்

2007இல் அமெரிக்கத் தரைப்படை ஆள் பற்றாக்குறையில் தவித்தது. சிப்பாய்களைவிட, நடுவில் இருக்கும் அதிகாரிகள்தான் பெரிய தலைவலி. ஒரே நேரத்தில் ஈராக், ஆப்கானிஸ்தான் என இரண்டு போர். அந்த ஏப்ரலில் போர்முனைப் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார்கள். புதிய பிரிகேடுகளுக்குக் கேப்டன்களும் மேஜர்களும் தேவைப்பட்ட அதே சமயத்தில், அந்தப் பதவிகளில் இருந்த பலர் ராணுவத்தை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். கம்பெனி என்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடலாம். ராணுவத்தில் எட்டு வருட அனுபவமுள்ள கேப்டன் வேண்டுமென்றால், எட்டு வருடத்துக்கு முன்பே அவரைச் சேர்த்திருக்க வேண்டும்.

முதல் வழி, ரொக்கம். இன்னும் 3 ஆண்டு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால் பிரிவைப் பொறுத்து 25,000 முதல் 35,000 டாலர் வரை. மேற்படிப்பு, விரும்பிய ஊரில் போஸ்டிங் போன்றவையும் பட்டியலில் இருந்தன. பெரும்பாலோர் பணத்தைத்தான் எடுத்தார்கள். செலவு சுமார் 50 கோடி டாலர்.

அந்தப் படிவம் யார் முன்னால் வைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். 28 வயதுக் கேப்டன் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஈராக் போய் வந்தவர். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததை வீடியோவில் பார்த்தவர். அந்த 3 ஆண்டுக்குள் இன்னொரு 15 மாதம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் மனைவிக்கும் தெரியும். 25,000 டாலரில் வரி போக மிஞ்சுவது அவர் மனதை மாற்றுமா? பக்கத்து மேசைக்காரர் எப்படியும் ராணுவத்திலேயே இருக்கப்போகிறவர். அவர் உடனே கையெழுத்துப் போடுகிறார். பணம் செலவானது, தங்கியவர் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. எப்படியும் தங்கியிருக்கக்கூடியவர்களுக்கே நிறையப் போய்ச் சேர்ந்தது என்று அமெரிக்கத் தரைப்படையின் அதிகாரிப் பயிற்சிக் கல்லூரியான வெஸ்ட் பாயின்டின் ஆய்வாளர்களே பிறகு எழுதினார்கள்.

இரண்டாவது வழி அதற்கு முந்தைய ஆண்டே, 2006இல், சத்தமில்லாமல் தொடங்கியிருந்தது. வெஸ்ட் பாயின்டிலும் கல்லூரி வழிப் பயிற்சியிலும் இருந்த கேடட்களிடம் (அதிகாரிப் பயிற்சி மாணவர்களிடம்), அதிகாரியாவதற்கு முன்பே கேட்டார்கள்: கட்டாயச் சேவைக்கு மேல் 3 ஆண்டு தருகிறாயா? தந்தால் விரும்பிய பிரிவு, அல்லது விரும்பிய முதல் ஊர், அல்லது பிற்பாடு ராணுவச் செலவில் மேற்படிப்பு. ஹவாய்க்கும் கொலராடோவுக்கும் யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆசைப்படுகிறவரை அனுப்பினால் கூடுதலாக என்ன செலவு? மேற்படிப்புக்கு மட்டும்தான் பணம் போகும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 22 வயதில் எழுதிக் கொடுத்த கடப்பாடு 29 வயதில் ஆளைக் கட்டிப்போடும், மனதைக் கட்டிப்போடாது. தங்கியவர் எல்லாரும் விரும்பித் தங்கியவர் என்று கணக்கெழுதக் கூடாது.

சரி, அப்படியானால் பணமே வேண்டாமா? விமானிகள் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கே போட்டி களைப்போடு மட்டும் இல்லை, விமான நிறுவனங்களோடும் இருக்கிறது. பயிற்சி முடித்த விமானப்படை விமானிக்கு 10 ஆண்டுக் கடப்பாடு. அது முடியும்போது அவர் முப்பதுகளில் இருப்பார். 65 வயது வரை ஏர்லைன்ஸில் பறக்கலாம், அங்கே பணி மூப்புதான் எல்லாம். ஒரு வருடம் தாமதித்தால் வரிசையில் அவ்வளவு பேருக்குப் பின்னால். எஃப்-16 போர் விமானத்தின் விமானி ஒருவரை உருவாக்க 56 லட்சம் டாலர், எஃப்-22க்கு ஒரு கோடியே 9 லட்சம் என்று 2019இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதற்குப் பக்கத்தில் ஆண்டுக்கு 50,000 டாலர் போனஸ் பெரிய தொகையே இல்லை. 25,000 ஆக இருந்த உச்சவரம்பை முதலில் 35,000 ஆக்கி, 2022 டிசம்பர் சட்டத்தில் 50,000 ஆக்கியது சரியான முடிவு.

ஆளைக் கட்டி வைக்கும் மூன்றாவது வழி, ஒரு கயிறு மாதிரி, பென்ஷன். 20 ஆண்டு முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, ஒரு நாள் குறைந்தாலும் பொதுவாக ஒன்றுமில்லை என்பது பழைய முறை. 12 வருடம் முடித்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார். 2018 முதல் சேர்ந்தவர்களுக்கு அது 40 சதவீதம். கூடவே சேமிப்புக் கணக்கில் அரசின் பங்கும், நடுச் சேவையில் ஒரு தொகையும் உண்டு. பாதியில் போகிறவருக்கு இது நியாயம், ஆனால் கயிறு தளர்ந்துவிட்டது. நம் சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சி அகாடமியில் பயிற்சி பெறும் குறுகியகாலச் சேவை அதிகாரிகளுக்கு அந்தக் கயிறே கிடையாது. 10 வருடம், நீட்டித்தால் 14, அப்புறம் பென்ஷன் இல்லாமல் வெளியே.

அமெரிக்க விமானப்படை 2023இல் ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. கடப்பாடு முடிய இன்னும் காலம் இருக்கும்போதே விமானியிடம் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 50,000 டாலர் வரை தருவதோடு, போஸ்டிங்கில் அவர் விருப்பத்துக்கும் இடம் தருகிறார்கள். 2007இன் பணமும் 2006இன் விருப்பமும் ஒரே ஒப்பந்தத்தில், ஆள் மனதளவில் கிளம்பும் முன்பே. தரைப்படைக் கேப்டனுக்கும் ஆறாவது, ஏழாவது வருடத்தில் இப்படித்தான் கேட்க வேண்டும் என்பேன். பணம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மனைவி வேலை பார்க்கும் ஊரிலேயே 3 வருடம், நடுவில் குழந்தைக்குப் பள்ளி மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்த 28 வயதுக்காரர் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியோடு உட்கார்ந்து படித்தாவது பார்த்திருப்பார்.