17½ வயதில் ராணுவம்: அக்னிவீரா, என்.டி.ஏ.வா?

வியாசர்பாடியில் பக்கத்து வீட்டுப் பையன் ப்ளஸ் டூ முடித்த கையோடு கேட்டான்: "அண்ணா, பட்டாளத்துல சேர்ந்துட்டா அப்பா கையெழுத்தெல்லாம் வேண்டாம்ல?"

வேண்டும்ப்பா. அமெரிக்காவில் பல மாநிலங்களில், 18 ஆகாதவர் படையில் பணிக்குச் சேர்ந்தாலே பெற்றோர் பொறுப்பிலிருந்து விடுபட்டவராகிவிடுவார். அங்கேயும் 17 வயதில் சேர பெற்றோர் சம்மதம் தேவை என்பது வேடிக்கை. நம்மூரில் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 முடிந்தால்தான் மேஜர், அதாவது வயது வந்தவர். சீருடை போட்டாலும் மைனர் மைனர்தான்.

அவன் முன்னால் இரண்டு வழி: அக்னிவீர் என்ற நான்கு வருடச் சிப்பாய் வேலை, அல்லது என்.டி.ஏ. என்ற தேசிய பாதுகாப்பு அகாடமியில் அதிகாரிப் பயிற்சி.

வயது: அக்னிவீருக்கு 17½ முதல். என்.டி.ஏ.வுக்கு 16½ முதல்.

படிப்பு: முதலாவதில் பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். இரண்டாவதில் ப்ளஸ் டூ, யு.பி.எஸ்.சி. தேர்வு, அப்புறம் ஐந்து நாள் நேர்காணல்.

கையெழுத்து: அக்னிவீரில் 18க்குள் என்றால் பெற்றோர் சம்மதம், அவ்வளவுதான். என்.டி.ஏ.வில் பெற்றோரும் பத்திரம் எழுத வேண்டும். பையன் தானாகப் பாதியில் கிளம்பினால் பயிற்சிச் செலவைக் கேட்பார்கள். இதை அவன் அப்பாவிடம் சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பணம்: அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000, பிடித்தம் போகக் கையில் 21,000. நான்கு வருடத்தில் வெளியே. 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். என்.டி.ஏ.வில் மூன்று வருடம் சம்பளமில்லை, ஆனால் அதிகாரி வேலை.

வீட்டுக்கு உடனே காசு வேண்டுமென்றால் அக்னிவீர். கணக்கு, ஆங்கிலம் வரும், காத்திருக்கலாம் என்றால் என்.டி.ஏ. அப்பாவிடம் தப்பிக்கத்தான் என்றால் 18 வரை பொறு, தம்பி.